ட்ரையர் அடுப்பில் ஒரு நீலக்கல்

முதலில் சத்தியத்தைச் செய்துவிடுகிறேன். பாக்டரிச் சக்கரங்களைக் காக்கிற ரோதமுனி மேல் ஆணை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற மலையைக் காக்கிற கவ்வாத்துசாமி மேல் ஆணை. இரத்தினபுரியில் சிங்களவர் கும்பிடுகிற சமன் தெய்யோ மேலும் ஓர் ஆணை. அவருக்குத் தமிழ் விளங்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். இனி வருவதில் ஒரு சொல் பொய்யென்றாலும், சாகும்வரை நான் குடிக்கிற பிளேன்டீயில் சீனி கரையாமல் போகட்டும். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன சத்தியம் செய்ய முடியும்?

கொடகவெலயிலிருந்து மேலே ஏறுகிற ரோட்டில், ரப்பர் முடிந்து தேயிலை தொடங்குகிற இடத்தில் இருப்பது தவளைமலைத் தோட்டம். அங்கே பாக்டரியில், தேயிலையைக் காயவைக்கிற ட்ரையர் அடுப்புக்கு விறகு போடுகிறவன் துஷாந்தன். அன்றைக்குப் பகல், மழை கூரைத் தகரத்தைப் பெயர்த்துவிடுகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவன் சட்டைப்பையில் போன் துடித்தது. மேல் டிவிஷனில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து மாமியார் மூக்காயி.

"மாப்ள, சுமித்ராவுக்கு வலி எடுத்துருச்சு."

சுமித்ரா அவன் பெண்சாதி. தலைப்பிள்ளை. நாள் இன்னும் இருக்கிறது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். துஷாந்தன் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் மூக்காயி அடுத்ததைச் சொன்னாள்.

"அரிசிப் பானைக்குள்ள கைய விட்டேன். கல்லக் காணோம்."

துஷாந்தன் அடுப்பைப் பார்த்தான். கல் அதற்குள் வெந்துகொண்டிருந்தது.

அது என்ன கல் என்று தெரியாமல் இந்த இடத்தைத் தாண்டினால் அவன் முகத்தில் ஏன் அப்படி வேர்த்தது என்று விளங்காது. அடுப்பு வெக்கை என்று நினைத்துவிடுவீர்கள்.

மூக்காயியின் பாட்டனுக்குப் பாட்டன் இருளப்பன். கடல் தாண்டி வந்து தவளைமலையில் கான் வெட்டியவர். மழைத் தண்ணீர் ஓடுவதற்குத் தேயிலைக்கு இடையில் வெட்டுகிற கான்தான். ஒரு நாள் மண்வெட்டி முனையில் ஏதோ ணங்கென்று பட்டது. குனிந்து எடுத்தால் புளியங்கொட்டைப் பருமனில், மயில் கழுத்து நிறத்தில் ஒரு நீலக்கல். அந்த நேரம் பார்த்துக் கங்காணி வந்து பக்கத்தில் நின்றார். இருளப்பன் கல்லை வாயில் போட்டுக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டார். கங்காணி அன்றைக்கென்று அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பொழுது சாயும்வரை கல் கடைவாயிலேயே கிடந்தது. அந்தக் கடைவாயில்தான் அவருக்குச் சொத்தைப்பல் இருந்தது. பல மாதமாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் கல்லைக் கையில் துப்பினபோது வலி போன இடம் தெரியவில்லை. மறுவாரம், முன்னால் விழுந்த பற்களெல்லாம் திரும்ப முளைத்தன. முளைப்பது நிற்கவும் இல்லை. கிழவர் கண்ணை மூடியபோது வாயில் இடம் போதாமல் இரண்டு பல் வெளியே நின்றதால், பெட்டி மூடியை ஆசாரி கொஞ்சம் குடைந்து கொடுக்க வேண்டியிருந்தது.

பிறகு வெள்ளைக்காரத் தொரை ஒருவருக்குக் கண்ணில் பூ விழுந்தது. கல் கிடந்த தண்ணீரை அவருடைய சமையற்காரன் தினமும் இரண்டு சொட்டு விட்டான். பார்வை வந்தது, வந்தது வந்துகொண்டே இருந்தது. தொரை பங்களா வாசலில் நின்றபடி இரத்தினபுரி மணிக்கூட்டைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைத் திருத்துவார். கடைசியில் பார்வையைக் குறைப்பதற்காகக் கொழும்புக்குப் போய்க் கண்ணாடி போட்டார்.

நல்லபாம்பு கடித்தாலும் அந்தக் கல்தான். கடிவாயில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். விஷத்தைக் குடித்து முடித்துத் தானாக விழும். விழுந்ததைப் பாலில் போட்டால் பால் நீலமாகும். அந்தப் பாலைத் தெரியாமல் குடித்துவிட்ட பூனை ஒன்று, அதற்குப் பிறகு எலியை மதிக்கவேயில்லை, பாம்பு பிடிக்கத்தான் போனது. நீலம் சனியனுடைய கல், எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்று கல் தெரிந்தவர்கள் சொல்வார்கள். தவளைமலைக் கல் அப்படி ஆள் பார்க்கவில்லை. தமிழன், சிங்களவன், கணக்கப்பிள்ளை, கொழுந்துக்காரி, எல்லாரையும் ஒரே மாதிரிக் குணப்படுத்தியது.

ஆனால் அது பேர் வாங்கியது பிரசவத்தில். வலி எடுத்தவள் அதைக் கையில் வைத்து மூடிக்கொண்டால் போதும், வலியைக் கல் குடித்துவிடும். காலையில் கொழுந்து நிறுத்துவிட்டுப் போனவள் பகல் நிறுவைக்குப் பிள்ளையோடு வந்து நின்றாள். பிள்ளையையும் தராசில் வைத்து அந்த எடையைக் கழித்துக்கொண்டார்கள். மேல் டிவிஷனில் நான்கு தலைமுறை அந்தக் கல்லைப் பிடித்த கையில்தான் பிறந்தது. தாய்க்குப் பிறகு மகள் என்று கைமாறி, இப்போது காவல் மூக்காயியிடம். விற்கக் கூடாது, தோட்டத்தைத் தாண்டக் கூடாது, அரிசிக்குள்தான் இருக்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

குடித்தது எங்கே போகும்? கல்லுக்குள்தான் போகும். வருடத்துக்கு வருடம் நீலம் வெளுத்துக்கொண்டே வந்தது. மயில் கழுத்தாக இருந்தது மழைவானமாகி, பிறகு பால் கலந்த தண்ணீராகி, கடைசியில் அரிசிக்குள் கையை விட்டால் எது கல் எது அரிசி என்று தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். போன சித்திரையில் லயத்தின் பக்கத்து அறையில், பக்கத்துக் காம்பராவில், இந்திராணிக்கு வலி எடுத்தபோது வெளுத்த கல்லைத்தான் கையில் கொடுத்தார்கள். அவள் போட்ட சத்தத்தைச் சுமித்ரா தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டாள். இந்திராணியும் பிள்ளையும் பிழைத்தார்கள். சுமித்ராவின் தைரியம் பிழைக்கவில்லை. கல் நீலமாக இருந்தால் பெற்றுக்கொள்வேன், இல்லையென்றால் இப்படியே இருந்துகொள்கிறேன் என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

துஷாந்தன் அந்தக் கவலையோடு கொடகவெல பஜாருக்குப் போனபோது, தேத்தண்ணிக் கடை வாசலில் வெள்ளைக் கடதாசியை விரித்துக் கல் பார்த்துக்கொண்டிருந்தார் ஜுனைதீன் நானா. மாணிக்க வியாபாரம் அவருக்கு. கடதாசியில் இருந்த கற்களில் ஒன்று பால்மாதிரி இருந்தது. அது கெவுட, சுட்டால் நீலமாகும் என்றார். எப்படிச் சுடுவது என்று, யாருக்கோ கேட்கிற மாதிரி துஷாந்தன் கேட்டான். சுண்ணாம்பும் புற்றுமண்ணும் குழைத்துக் கல்லின் மேல் பூசி, உருண்டையாக்கி, சிரட்டைக் கரியில் போட்டு, ஊதுகுழல் வைத்து ஊத வேண்டும் என்று அவர் விளக்கினார். அதற்கு எவ்வளவு சூடு வேண்டும் தெரியுமா என்று அவர் கேட்டபோது துஷாந்தன் மனதுக்குள் சிரித்துக்கொண்டான். அவன் தினமும் நிற்பதே அடுப்புக்கு முன்னால். ஜுனைதீன் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம்.

"சுடுறது பெரிய வேலையில்ல தம்பி. ஆத்துறதுதான் வேல. அவசரப்பட்டுத் தண்ணி பட்டிச்சோ, கல்லு வெடிச்சுத் தூளாப் போகும். சாம்பலுக்குள்ளேயே கெடந்து, அதுவா மனசு வெச்சு ஆறோணும்."

சனியன் பிடித்த யோசனை அப்படித்தான் வந்தது. தேயிலை தெரிந்தவனுக்குக் கல் தெரியாது, கல் தெரிந்தவனிடம் இந்த மாதிரி அடுப்பு இல்லை. இரண்டும் பாதி தெரிந்தவன் துஷாந்தன் ஒருவன்தான் அந்தப் பக்கத்தில் இருந்தான். அன்று காலை மூக்காயி வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போன நேரம் பார்த்து அரிசிப் பானையில் கையை விட்டுக் கல்லை எடுத்தான். பாக்டரிக்குப் பின்னால் புற்றுமண் குழைத்தான். ட்ரையர் அடுப்பைப் பற்றவைத்ததும், விறகுக்கு அடியில் சிரட்டைக் கரி பரப்பி உருண்டையை உள்ளே தள்ளினான். நாளைக் காலையில் ஆறிய கல்லை எடுத்து, மயில் கழுத்து நிறத்தில் மாமியார் முன்னால் வைக்கலாம் என்பது கணக்கு. இந்தச் சூட்டில் கல் நிறம் மாறாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் தவளைமலை விறகைக் கண்டதில்லை.

போனில் மூக்காயி காத்துக்கொண்டிருந்தாள்.

"கல்லு எங்கிட்டதான் இருக்கு, அத்த."

"ஒங்ககிட்டயா. எதுக்கு எடுத்தீங்க?"

"கழுவ எடுத்தேன்."

மறுபக்கத்திலிருந்து மழைச் சத்தமும், அதற்குப் பின்னால் சுமித்ரா பல்லைக் கடிக்கிற சத்தமும் மட்டும் வந்தன.

"எங்க பாட்டன் காலத்துல இருந்து மனுசங்களக் கழுவுன கல்லு மாப்ள அது. அத நீங்க கழுவ எடுத்தீங்களா. சரி. கொண்டாங்க."

"செத்த நேரமாகும், அத்த."

"கல்லு கைக்கு வராம தள்ள மாட்டேன்னு மூச்சப் புடிச்சுக்கிட்டுக் கெடக்குறா. இப்பிடியே போனா உள்ள புள்ளைக்கு மூச்சு நின்னுரும்னு மிஸ்ஸி சொல்றாங்க. நீங்க செத்த நேரங்குறீங்க. என்னா செய்யட்டும், புள்ளையக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லவா?"

மிஸ்ஸி என்றால் தோட்டத்துக்கு வருகிற மிட்வைஃப், சிங்களப் பெண். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாதா என்று துஷாந்தன் கேட்டான். லயத்துக்குப் போகிற வளைவில் காலையில் மண் சரிந்துவிட்டது, அம்புலன்ஸ் அந்த மண்ணுக்குக் கீழ்ப்பக்கம் நிற்கிறது, மிஸ்ஸி மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டி வந்தாள் என்று மூக்காயி சொன்னாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

துஷாந்தன் அடுப்புக் கதவைத் திறந்தான். நீளக் கம்பியை உள்ளே விட்டு விறகை ஒதுக்கினான். வெக்கை புருவ மயிரைச் சுருட்டியது. உருண்டை எங்கே கிடக்கிறது என்று தெரியவில்லை. உள்ளே எல்லாமே ஒரே சிவப்பாக இருந்தது. கம்பி எதில் பட்டாலும் உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து தடவினான். சுமித்ரா மூச்சைப் பிடித்திருக்கிறாள் என்பது ஞாபகம் வந்ததும் அவனும் பிடித்துக்கொண்டான். அவள் எவ்வளவு நேரம் பிடிக்க முடியும் என்று பார்க்கத்தான்.

"கதவ எதுக்குடா தொறந்து வச்சிருக்க? சூடு எறங்குது."

பின்னால் டீமேக்கர் சுந்தரலிங்கம். பாக்டரிக்குப் பெரியவர். தேயிலையின் ஈரத்தை மூக்காலேயே அளக்கிறவர். அவருக்கு மூக்கடைத்துத் தடிமன் பிடித்தால் பாக்டரியே காய்ச்சல்காரன் மாதிரி நின்றுவிடும். ட்ரையரில் சூடு இறங்கினால் உள்ளே ஓடுகிற தேயிலை காயாமல் வெந்து போகும். அதைக் கெடுத்தவன் மறுநாள் வேலையில் இருக்க மாட்டான்.

"கெழங்கு சேர். மரவள்ளிக் கெழங்கு ஒண்ணு சுட வச்சேன்."

சுந்தரலிங்கம் கொஞ்சம் யோசித்தார். அவர் காலையில் சாப்பிடவில்லை.

"வெந்துருச்சா?"

"தெரியல சேர்."

"வெந்தா பாதி குடு."

சொல்லிவிட்டு அவர் போகவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். துஷாந்தனுக்கு முன்னால் தீ, பின்னால் டீமேக்கர். கம்பி எதிலோ மெத்தென்று பட்டது. மெதுவாக இழுத்தான். விறகுக் கட்டை ஒன்று சரிந்தது; உருண்டை அதன் மேல் ஏறி, மறுபடியும் உள்ளே உருளப் பார்த்தது. கம்பியைத் திருப்பிப் போட்டுத் தடுத்து, ஒரு சாண் இழுத்து, நின்று, இன்னொரு சாண் இழுத்தான். வாசலுக்கு வந்துவிட்டது. விளாங்காய் பருமனில், உதிக்கிற சூரியன் மாதிரி.

சுந்தரலிங்கம் குனிந்து பார்த்தார்.

"இது எந்த ஊருக் கெழங்கு?"

இனி மறைத்துப் பயனில்லை. துஷாந்தன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். கெவுட, புற்றுமண், இந்திராணி, மண்சரிவு, சுமித்ரா தள்ள மாட்டேன் என்கிறாள், எல்லாம். வேலை போய்விட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் சுந்தரலிங்கமும் தவளைமலையில் பிறந்தவர்தான், அவருடைய தாயும் அந்தக் கல்லைக் கையில் மூடியவள்தான். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மூக்காயி அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது சேர்."

"அப்ப நீ இந்த அடுப்புக்குள்ள போய் நிக்கிறதுதான் ஒனக்கு நல்லது."

அப்படிச் சொன்னாலும் அவர் கை வேலையில் இறங்கியது. சூட்டை மெல்ல மெல்ல இறக்குவது எப்படி என்று அவருக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. மூடியுள்ள இரும்பு வாளி ஒன்றில் அடுப்புச் சாம்பலைச் சூடாகவே அள்ளிப் போடச் சொன்னார். அதன் நடுவில் உருண்டை. மேலே இன்னும் சாம்பல். மூடி. வாளியைச் சுற்றிச் சாக்கு. நடக்க நடக்க ஆறும், ஓடினால் சாம்பல் கலைந்து காற்றுப் படும், அதனால் ஓடாதே என்றார். பெண்சாதி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறவனிடம் ஓடாதே என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அலுமாரியைத் திறந்து தன் கறுப்புக் குடையை எடுத்துக் கொடுத்தார். பெரிய தொரை ஒருமுறை கேட்டே அவர் கொடுக்காத குடை அது. பிறகு கழுத்துப் பட்டியைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, விறகுக் கட்டை ஒன்றைத் தானே தூக்கி அடுப்பில் போட்டார்.

துஷாந்தன் தலையில் ஈரச்சாக்கு, அதன் மேல் வாளி, அதற்கு மேல் குடை. இப்படி நடந்தான். தலைச்சாக்கு ஆவி விட்டது. அந்த ஆவியைப் பார்த்துவிட்டு மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் மூடுபனி இறங்கிவிட்டது என்று கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மழை பெய்தும் அவன் நடந்த பாதை காய்ந்துகொண்டே வந்தது. அட்டைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று வழிவிட்டன. அவன் எதையும் பார்க்கவில்லை. வாளி சாயக் கூடாது, கால் வழுக்கக் கூடாது, ஓடக் கூடாது. மூன்றைத் தவிர அவன் தலைக்குள் வேறொன்றும் இல்லை. நான்காவதாக ஒன்று இருந்தது. அதை அவன் நினைக்காமல் நடந்தான்.

வளைவில் அம்புலன்ஸ் நின்றது. சாரதி கண்ணாடியை இறக்கி, வாளியில் என்ன என்று சிங்களத்தில் கேட்டான். "பெஹெத், மாத்தயா" என்றான் துஷாந்தன், மருந்து என்று. ஆஸ்பத்திரிக்கு வெளியே மருந்து புகைவதை அந்தச் சாரதி அதற்கு முன் பார்த்ததில்லை. கையைக் காட்டிப் போகச் சொன்னான்.

சரிந்த மண் ரோட்டின் குறுக்கே ஒரு லயத்துக் கூரை உயரத்துக்குக் கிடந்தது. தேயிலைச் செடிகள் வேர் மேலே, தலை கீழே என்று நின்றன. துஷாந்தன் முதல் காலை வைத்தான், முழங்கால்வரை போனது. இரண்டாவது காலை வைத்தான். முதல் கால் வெளியே வர மறுத்தது. மேலேயிருந்து சின்னக் கற்கள் உருண்டு வந்தன. மண்ணுக்கு இன்னும் மனம் ஆறவில்லை, வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. காலைப் பிடுங்கினான். பிடுங்கின வேகத்தில் உடம்பு சாய்ந்தது. குடை காற்றில் மேல்பக்கமாக விரிந்து கையை விட்டுப் போனது. வாளியை இரண்டு கையாலும் பிடித்துவிட்டான். ஆனால் மூடி ஒரு விரல் அகலம் விலகிவிட்டது, அந்த ஒரு விரலுக்குள் ஒரு மழைத்துளி இறங்கியது.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். கண்ணாடிக் கிளாஸில் நகம் பட்ட மாதிரி. மூடியைச் சரிசெய்து அப்படியே நின்றான். கல் வெடித்த சத்தமா, மண் உருண்டை வெடித்த சத்தமா என்று திறந்துதான் பார்க்க வேண்டும். திறந்தால் இந்த மழையில் வெடிக்காததும் வெடித்துவிடும். போன் அடித்தது. எடுக்கக் கையில்லை. அது அடித்து ஓய்ந்து, திரும்ப அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறை அடிக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

லயத்து வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். மூக்காயி காம்பரா வாசற்படியில் நின்றபடி உள்ளங்கையை நீட்டினாள். அவன் வாளியை இறக்கி மூடியை எடுத்தான். சாம்பலையும், சாம்பலுக்குள் இன்னும் தணல் மாதிரிக் கிடந்த உருண்டையையும் அவள் பார்த்தாள். நீட்டின கையை மடக்கிக்கொண்டாள்.

"அடுப்புல போட்டீங்களா மாப்ள."

"நீலம் திரும்பும்னு..."

"எங்கம்மாவுக்கு அம்மா புடிச்ச கல்ல அடுப்புல போட்டீங்களா."

உள்ளேயிருந்து சுமித்ராவின் குரல் வந்தது, கயிறு அறுகிற மாதிரி மெலிந்து. "அம்மா. கல்லு வந்துருச்சா?"

மூக்காயி மருமகனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவனுக்குச் சேர வேண்டியதெல்லாம் இருந்தது. ஆனால் மகளுக்குச் சொன்னது வேறு.

"வந்துருச்சு கண்ணு. இந்தா வருது."

துஷாந்தன் கத்தியின் பின்பக்கத்தால் உருண்டையைத் தட்டினான். அது ஏற்கெனவே ஒரு மயிரிழை விரிந்திருந்தது. டிக் என்றது அதுதான் போலும் என்று நினைக்கவும் பயமாக இருந்தது. இரண்டாம் தட்டில் பிளந்தது.

கல் முழுசாக இருந்தது. மயில் கழுத்து என்று சொன்னேன் அல்லவா, அதைப் பார்த்தால் மயில் வெட்கப்படும். வாசற்படி நீலமானது. மூக்காயியின் வெள்ளைச் சேலை நீலமானது. இன்றுவரை எத்தனை சவர்க்காரம் போட்டும் போகவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது என்று லயத்துக் கோழிகள் கூட்டுக்குள் போய் அடைந்தன. பெண்கள் கும்பிட்டார்கள். மூக்காயி முந்தானையைச் சுருட்டிக் கல்லை எடுத்தாள், உடனே போட்டுவிட்டாள். முந்தானையில் ஓட்டை விழுந்து புகைந்தது. நிறம் வந்துவிட்டது, சூடு இன்னும் போகவில்லை.

"தண்ணி கொண்டாங்கடி" என்றாள் ஒருத்தி.

"தண்ணி பட்டா வெடிச்சிரும்" என்றான் துஷாந்தன்.

மிஸ்ஸி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். முகத்தில் இரத்தமில்லை. பிள்ளையின் இதயத்துடிப்பு குறைந்துகொண்டு போகிறது, இனி காத்திருக்க முடியாது, என்னவோ கொடுப்பதென்றால் இப்போதே கொடுங்கள் என்று பாதிச் சிங்களத்திலும் பாதித் தமிழிலும் சொன்னாள். அவளுக்குப் பின்னால், கண்ணை மூடிய சுமித்ராவின் வலது கை காற்றில் விரிந்து காத்திருப்பது தெரிந்தது. அந்தக் கையில் இதை வைத்தால் எலும்புவரை வேகும். வைக்காவிட்டால் அவள் மூச்சை விட மாட்டாள்.

துஷாந்தன் குனிந்து கல்லை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து மூடினான். வாசற்படியைத் தாண்டினான். பிரசவக் காம்பராவுக்குள் ஆண்பிள்ளை கால் வைத்தது தவளைமலையில் அதுதான் முதல் தடவை. மூக்காயி தடுப்பதற்குள் சுமித்ராவின் கையில் தன் மூடிய கையைக் கொடுத்துவிட்டான். அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் கை வெந்தது. அது அவன் எதிர்பார்த்தது. அடுத்து வந்தது அவன் எதிர்பார்க்காதது. இடுப்பெலும்பில் யாரோ கடப்பாரையை வைத்து நெம்பினார்கள். அடிவயிறு முறுக்கிய துணி மாதிரி ஆனது. கல் அவளுடைய வலியைக் குடித்தது. ஆனால் கல்லுக்கும் அவளுக்கும் இடையில் அவனுடைய கை இருந்தது. வந்த வலி அவன் வழியாகத்தான் போக வேண்டும். துஷாந்தன் போட்ட சத்தம் வளைவில் நின்ற அம்புலன்ஸ்வரை போனது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இந்திராணியின் சத்தமெல்லாம் அதற்குப் பக்கத்தில் தாலாட்டு.

சுமித்ரா கண்ணைத் திறந்தாள். முகம் தெளிந்திருந்தது. புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னாங்க, ரொம்ப வலிக்குதா?"

அவனால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது.

"கைய விட்ருவீங்களா?"

விடவில்லை. விட்டால் அவ்வளவும் அவளுக்குப் போகும் என்று அவனுக்குத் தெரிந்தது. உள்ளங்கை கருகுகிற வாடை வந்தது. இன்னொரு முறை கடப்பாரை இறங்கியது. மிஸ்ஸி யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு பேரையும் பார்த்துத் தள்ளச் சொன்னாள். இரண்டு பேரும் தள்ளினார்கள்.

பிள்ளை வந்தது. சத்தமில்லாமல் வந்தது. நிறமும் சரியில்லை, கல்லின் நீலம் அதன் உதட்டில் இருந்தது. மிஸ்ஸி தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். பிறகு துடைத்தாள். பிறகு வாயில் ஊதினாள். மழைகூட நின்று பார்த்தது. மூக்காயி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுமித்ரா, "ஏன் அழ மாட்டேங்குது?" என்று கேட்டாள். துஷாந்தன் கையை விரித்தான். விரித்த கையைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தான். ஏன் வைத்தான் என்று அவனுக்கே தெரியாது. கல் இப்போது சூடாக இல்லை. நீலமாகவும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பாலாகி, அரிசியாகி வெளுத்துப்போனது. பிள்ளையின் உதடு சிவந்தது.

பிறகு அது அழுதது. தகப்பன் போட்ட சத்தத்தில் பாதிதான், ஆனால் போதுமானதாக இருந்தது.

பெண் பிள்ளை. வெளியே இருந்த பெண்களில் ஒருத்தி, தாய் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். சுமித்ரா எழுந்து உட்கார்ந்து தலை முடிந்துகொண்டிருக்கிறாள், துஷாந்தன்தான் இன்னும் எழும்பவில்லை என்று மிஸ்ஸி சொன்னாள். மூக்காயி அடுப்படிக்குப் போய்ப் பூண்டும் மிளகும் அரைத்துப் பத்தியக் குழம்பு வைத்தாள். சோற்றைக் குழைத்து, கோப்பையில் போட்டு, முதல் கோப்பையைக் கொண்டுவந்து மருமகன் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க மாப்ள. பெத்த ஒடம்பு."

அவன் இடது கையால் சாப்பிட்டான். யாரும் குறை சொல்லவில்லை.

துஷாந்தனுக்கும் சுமித்ராவுக்கும் வருகிற தை மாதம்தான் கல்யாணம். என் பிளேன்டீயில் சீனி ஏன் இன்னும் கரையவில்லை என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.